பாட்டியின் காலண்டரில் கடல்: ஒரு கிராமம் தன்னையே அளந்துகொள்வது எப்படி?



சென்ற ஆண்டு வகுப்பில் கடல்மட்டம் உயர்வதைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி கையைத் தூக்கி, "டீச்சர், எங்க பாட்டி வீட்டு வாசலுக்குக் கடல் வந்துட்டு வந்துட்டுப் போகுது" என்றாள். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

பாட்டியின் வீடு பேராக்கின் தென்பகுதிக் கடலோரத்தில், ஒரு பழைய தென்னந்தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. பக்கத்தில் மீனவர் கம்போங். இரண்டையும் சேர்த்தால் ஐம்பது அறுபது வீடுகள் தேறும். ஒரு சனிக்கிழமை எங்கள் அறிவியல் கழகத்து மாணவர்கள் எட்டுப் பேருடன் அங்கே போனேன். வாசலில் எந்த உயரம் வரை தண்ணீர் வந்தது என்று பாட்டியிடம் கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் உள்ளே போய், மளிகைக்கடையில் கொடுக்கும் மாதக் காலண்டர்களை ஒரு கட்டாக எடுத்து வந்தார். ஏழு ஆண்டுக் காலண்டர்கள். சில தேதிகளைச் சுற்றி நீலப் பேனாவால் வட்டம் போட்டிருந்தது.

"இது என்ன பாட்டி?"

"அன்னிக்கெல்லாம் கோலம் போட முடியல. வாசல்ல தண்ணி நின்னுச்சு."

முதல் காலண்டரில் இரண்டே வட்டங்கள். கடைசிக் காலண்டரில் ஒன்பது. நான் ஆய்வுக்கூடத்தில் இத்தனை ஆண்டு பார்த்த தரவுகளில் இவ்வளவு ஒழுங்கான தரவு அதிகமில்லை. தேதி இருக்கிறது, நிகழ்வு இருக்கிறது, ஏழு ஆண்டாக அளவுகோல் மாறவில்லை. அந்த அளவுகோல் கோலம்.

வட்டங்கள் எந்த நாள்களில் விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலானவை புரட்டாசி அமாவாசையை ஒட்டியும் பங்குனி உத்திரத்தை ஒட்டியும் இருந்தன. "சாமி நாள்ல தண்ணி வருது" என்றார் பாட்டி. அதற்கு நேரான அறிவியல் காரணம் உண்டு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், நிலவு, பூமி மூன்றும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் வருகின்றன. இரண்டின் ஈர்ப்பும் சேர்ந்து கடலை இழுப்பதால் பெருக்கு வழக்கத்தைவிட உயர்கிறது. மார்ச் 21, செப்டம்பர் 23 வாக்கில் சூரியன் பூமத்திய ரேகைக்கு நேராக நிற்கிறது. அந்த வாரங்களில் வரும் அமாவாசையும் பௌர்ணமியும் ஆண்டிலேயே பெரிய பெருக்குகளைக் கொண்டுவரும். புரட்டாசி அமாவாசை செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவுக்குள் வரும். பங்குனி உத்திரம் மார்ச், ஏப்ரல் பௌர்ணமி. நிலவை வைத்துக் கணக்கிடும் நம் பஞ்சாங்கம், பெரும் பெருக்கு நாள்களையும் தனக்கே தெரியாமல் குறித்து வைத்திருக்கிறது. மலாய் அண்டை வீட்டார் இதை "ஆயர் பாசாங் பெசார்" என்பார்கள். மேற்குக் கரையில் இது சாதாரண விஷயமில்லை. போர்ட் கிள்ளானில் இந்த நாள்களில் தாழ்ந்த நீருக்கும் உயர்ந்த நீருக்கும் உள்ள வேறுபாடு 4 மீட்டரைத் தாண்டும்.

சரி, இரண்டு எப்படி ஒன்பதானது?

"பருவநிலை மாற்றம்!" என்று எட்டுப் பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அப்படியே தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2006 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 3.7 மில்லிமீட்டர் உயர்ந்தது என்பது ஐ.பி.சி.சி. எனப்படும் பன்னாட்டு அறிவியல் குழுவின் மதிப்பீடு. ஏழு ஆண்டுக்கு 3.7 × 7 = 25.9 மி.மீ. விரலின் ஒரு கணுவளவு. 1901 முதல் 2018 வரை சேர்த்தாலும் சுமார் 20 செ.மீ. இதற்குக் காரணம், நீர் சூடாகி விரிவதும் நிலத்தின் மேல் இருந்த பனி உருகிக் கடலில் சேர்வதும். இந்த உயர்வு உண்மை, வேகம் கூடுவதும் உண்மை. ஆனால் ஏழு ஆண்டில் ஒரு விரற்கணு உயர்ந்ததால் மட்டும் இரண்டு வட்டம் ஒன்பதாகுமா? எனக்குச் சந்தேகம் வந்தது. இதற்கிடையில் நிலவின் பாதை 18.6 ஆண்டுச் சுழற்சியில் சாய்ந்து நிமிர்வதாலும் பெருக்கின் உயரம் கூடிக் குறையும். அதனால் ஏழு ஆண்டுத் தரவை வைத்து அவசரப்பட்டுப் பெரிய முடிவுக்கு வரக்கூடாது. பாட்டி வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் என்ன மாறியிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இங்கே உங்களுக்கு மூன்று சொற்கள் தேவை. ஓர் ஊர் எவ்வளவு எளிதில் பாதிக்கப்படும் என்று மதிப்பிட அறிவியலாளர்கள் பலர் மூன்று கேள்விகள் கேட்பார்கள். ஆபத்து நம் மேல் எந்த அளவுக்கு வந்து விழுகிறது? இது வெளிப்பாடு. விழுந்தால் எவ்வளவு சேதமாகும்? இது உணர்திறன். சேதத்தைச் சமாளிக்கவும் அடுத்த முறைக்குத் தயாராகவும் நம்மிடம் என்ன இருக்கிறது? இது தகவமைவுத் திறன். முதல் இரண்டும் கூடினால் பாதிப்பு கூடும். மூன்றாவது கூடினால் குறையும்.

பாட்டி வீடு தரையோடு தரையாகச் சிமெண்டு போட்டது. இருபதடி தள்ளி ஒரு மலாய்க் குடும்பத்தின் வீடு கால்களின் மேல் நிற்கிறது. இரண்டு வீட்டுக்கும் ஒரே தண்ணீர்தான் வருகிறது, வெளிப்பாடு சமம். ஆனால் பாட்டி வீட்டில் அரிசி மூட்டையும் குளிர்பதனப் பெட்டியும் நனைகின்றன. அந்த வீட்டில் செருப்புதான் மிதக்கிறது. உணர்திறன் என்றால் என்னவென்று அதற்குப் பிறகு நான் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது சொல்லுக்குச் சிங்கப்பூரைப் பாருங்கள். அதன் நிலப்பரப்பில் சுமார் 30 விழுக்காடு, சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. வெளிப்பாடு மிக அதிகம். ஆனால் 2019 தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங், கடலிலிருந்து நாட்டைக் காக்க அடுத்த 100 ஆண்டுகளில் 100 பில்லியன் வெள்ளியோ அதற்கு மேலோ செலவாகலாம் என்றார். செலவைத் திட்டமிட ஒரு நாடே இருக்கிறது. அறுபது வீட்டுக் கம்போங்குக்கு யார் திட்டமிடுவது? அந்தக் கம்போங்தான் தொடங்க வேண்டும். தொடங்கச் செலவும் அதிகமில்லை.

2009இல் மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், பாப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள், தீமோர்-லெஸ்தே ஆகிய ஆறு நாடுகள் சேர்ந்து பவள முக்கோண முன்னெடுப்பைத் தொடங்கின. நம் சபா கடலும் அதற்குள் வருகிறது. அந்த வட்டாரத்துச் சிறிய கடலோர ஊர்கள் தங்கள் பாதிப்பைத் தாங்களே மதிப்பிட்டுக்கொள்வதற்கு வழிகாட்டிகள் உருவாக்கப்பட்டன. அவற்றில் உள்ள வழிமுறைகளுக்குச் செயற்கைக்கோள் வேண்டாம், கணினியும் வேண்டாம். பெரிய காகிதம், பேனா, ஊரில் நீண்ட காலம் வாழ்ந்தவர்கள், கொஞ்சம் பொறுமை. எங்கள் வேலையும் அதே பாணியில்தான் நடந்தது.

முதலில் ஒரு நீளமான காகிதத்தில் கோடு போட்டு, ஊரின் வரலாற்றை ஆண்டு வாரியாக நிரப்பினோம். எந்த ஆண்டு மண் அணை கட்டினார்கள், எந்த ஆண்டு உடைந்தது, பாக்காவ் மரங்கள் எப்போது வெட்டப்பட்டன, கிணற்று நீர் எப்போது உவர்த்தது. யாருக்கும் ஆண்டு நினைவிருக்காது. "என் ரெண்டாவது மகன் பிறந்த வருஷம்" என்பார்கள். மகனின் அடையாள அட்டையைப் பார்த்து ஆண்டைக் கண்டுபிடியுங்கள். அடுத்தது பன்னிரண்டு மாதக் கட்டம். எந்த மாதம் எந்த மீன், எப்போது காற்று, எப்போது கையில் காசில்லை. காசில்லாத மாதத்திலேயே வெள்ளமும் வந்தால் பாதிப்பு இரட்டிப்பாகும் என்பது அந்தக் கட்டத்தைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஆண்களையும் பெண்களையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். ஆண்கள் படகைப் பற்றிப் பேசினார்கள். கழிப்பறைக் குழி நிரம்பி வழிவதைப் பற்றிப் பேசியவர்கள் பெண்கள் மட்டுமே.

பிறகு கடலிலிருந்து வீடுகள் வரை நடந்தோம். சேற்றுநிலம், மெல்லிய பாக்காவ் வரிசை, மண் அணை, அணையில் ஒரு மதகு, வாய்க்கால், வீடுகள். மேற்குக் கரையின் பல இடங்களில் விளைநிலம் பெருக்கு மட்டத்தைவிடத் தாழ்வாக இருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அணையும் மதகும் இல்லாவிட்டால் அங்கே விவசாயமே இல்லை. சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டினால் கரிமண் காய்ந்து சுருங்கி, நிலம் இன்னும் தாழும். கடல் ஏறாவிட்டாலும் நிலம் இறங்கினால் பலன் ஒன்றுதான்.

உயரத்தை எப்படி அளப்பது? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். கட்டடத் தொழிலாளர்களிடம் நிறமற்ற பிளாஸ்டிக் குழாய் ஒன்று இருக்கும். 20 மீட்டர் குழாய் ஒன்றை இரும்புக்கடையில் வாங்கினோம். அதில் தண்ணீரை ஊற்றி, இரு முனைகளையும் திறந்தே வைத்துத் தூக்கிப் பிடித்தால், இடையில் குழாய் எப்படி வளைந்து நெளிந்து கிடந்தாலும் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். திரவ அழுத்தம் ஆழத்தை மட்டுமே சார்ந்தது என்று படித்தீர்களே, அதேதான். ஒரு மாணவன் அணையின் உச்சியில் ஒரு முனையை அளவுகோலோடு பிடித்தான், இன்னொருத்தி பாட்டி வாசலில் மறுமுனையை. தரையிலிருந்து நீர்மட்டம் வரை இருவரும் படித்த எண்களைக் கழித்தால் இரண்டு இடத்துக்கும் உள்ள உயர வேறுபாடு வந்துவிடும். தூரம் அதிகமென்றால் இடையில் கம்பு நட்டுப் படிப்படியாகப் போக வேண்டும். இரண்டு எச்சரிக்கைகள்: குழாயில் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் அளவு பொய்யாகிவிடும். நீரின் வளைந்த பரப்பில் அடிப்பகுதியைத்தான் படிக்க வேண்டும். எங்கள் முதல் அளவு அபத்தமாக வந்ததற்குக் காரணம் ஒரு குமிழிதான். அரை நாள் வீண்.

இரண்டாம் முறை அணையின் உச்சியிலேயே பத்து இடங்களில் அளந்தோம். ஓரிடத்தில் மட்டும் மற்ற இடங்களைவிட 18 செ.மீ. தாழ்வு. மோட்டார்சைக்கிள்கள் அணையைக் கடக்கும் தடம் அது. சக்கரங்கள் வருடக்கணக்கில் மண்ணைத் தேய்த்திருக்கின்றன. மதகுக்குப் போனோம். கடல்பக்கம் நீர் உயர்ந்தால் தானாக மூடிக்கொள்ள வேண்டிய கதவு, அடியில் ஒரு தென்னங்கட்டை சிக்கிப் பாதி திறந்தபடியே நின்றது. கடல் அணையைத் தாண்டி வரவே தேவையில்லை, கதவு வழியாகவே வாய்க்காலுக்குள் வந்துகொண்டிருந்திருக்கிறது.

அப்படியானால் பருவநிலை மாற்றத்துக்குப் பங்கில்லையா? இருக்கிறது. ஆண்டுக்கு 3.7 மி.மீ. வீதமே தொடர்ந்தாலும் 30 ஆண்டில் 11.1 செ.மீ. ஆகும். நிலம் 500 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற சரிவில் இருந்தால், 11.1 செ.மீ. உயர்வுக்கு நீர் 55 மீட்டர் உள்ளே வரும். மேற்குக் கரைச் சேற்றுநிலங்கள் அதைவிடத் தட்டையாகவும் இருக்கும். ஆனால் நடுவில் அணை இருப்பதால் நீர் இப்படிச் சீராக உள்ளே வராது. அணையின் உச்சிக்குக் கீழே இருக்கும்வரை ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். உச்சியைத் தொட்ட ஆண்டிலிருந்து நிலைமை திடீரென மாறும். 18 செ.மீ. தாழ்ந்த ஒரு தடம், அந்த ஆண்டைப் பல பத்தாண்டுகள் முன்னுக்கு இழுத்துவிடுகிறது. 18 செ.மீ.யை 3.7 மி.மீ.யால் நீங்களே வகுத்துப் பாருங்கள்.

பாக்காவ் காடும் இந்தக் கணக்கில் உண்டு. அலையின் வேகத்தைக் குறைத்துச் சேற்றைப் பிடித்து வைப்பது அந்த வேர்கள்தான். கடல் உயரும்போது இந்தக் காடு மெல்ல நிலத்தை நோக்கி நகரப் பார்க்கும். பின்னால் அணை நிற்பதால் நகர முடியாது. முன்னால் கடல், பின்னால் அணை, நடுவில் நசுங்கிக் குறையும். காடு போன பிறகு அலை நேராக அணையை அடிக்கும்.

தோட்டத்தில் இன்னொரு சாட்சி இருந்தது. பாட்டியின் தென்னைகள் ஓரளவு உப்பைத் தாங்கி நின்றன, வாழைகள் இலை கருகி நின்றன. வாய்க்கால் நீரில் சிறிது நீர்த்த நைட்ரிக் அமிலமும் வெள்ளி நைட்ரேட் கரைசலும் விட்டோம். கெட்டியான வெள்ளை வீழ்படிவு. குளோரைடு அயனி. குழாய்நீரிலும் லேசாகக் கலங்கும் என்பதால், ஒப்பிட அதையும் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள். ஆசிரியர் இல்லாமல் செய்ய வேண்டாம், வெள்ளி நைட்ரேட் பட்டால் தோல் கறுத்துவிடும்.

பெரிய அளவில் கடற்கரைகளை மதிப்பிட ஒரு சூத்திரமும் உண்டு. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 1999இல் தன் நாட்டின் அட்லாண்டிக் கரைக்குப் பயன்படுத்தியது. நிலத்தின் வகை, சரிவு, கடல்மட்ட உயர்வு வீதம், கரை அரிப்பு வீதம், பெருக்கு வேறுபாடு, அலை உயரம் ஆகிய ஆறுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஆறையும் பெருக்கி, 6ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஒரு கரைக்கு 5, 5, 3, 3, 2, 1 என்று வந்தால் பெருக்கல் 450, வகுத்தால் 75, வர்க்கமூலம் 8.66. மிகக் குறைந்த மதிப்பு 0.41, மிக உயர்ந்தது 51.03. ஒரு கரையை இன்னொரு கரையோடு ஒப்பிட நல்ல கருவி. ஆனால் அந்த ஆறு எண்களில் பாட்டி எங்கே? சிமெண்டுத் தரை எங்கே? சிக்கிய கதவு எங்கே? மனிதர்கள் ஒருவர்கூட அந்தச் சூத்திரத்துக்குள் இல்லை.

நாட்டளவிலான எண்களிலும் இதே குறைதான். 1980களின் நடுவில் நடந்த தேசியக் கடலோர அரிப்பு ஆய்வு, 4,809 கி.மீ. கரையில் சுமார் 29 விழுக்காடு அரிக்கப்படுவதாகச் சொன்னது. 2015 ஆய்வு 8,840 கி.மீ. கரையில் சுமார் 15 விழுக்காடு என்றது. அரிப்பு பாதியாகிவிட்டதா? இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: முதலாவது ஏறக்குறைய 1,390 கி.மீ., இரண்டாவது ஏறக்குறைய 1,330 கி.மீ. அளந்த கரையின் நீளம்தான் கூடியிருக்கிறது. அந்த ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரில் ஒரு கம்போங்கின் அரைக் கிலோமீட்டர் யார் கண்ணுக்கும் படாது.

காரணத்தைத் தேடும்போது எல்லாவற்றையும் பருவநிலையின் தலையில் போடாதீர்கள். குவாலா திரெங்கானு விமான நிலையத்தின் ஓடுபாதை கடலுக்குள் நீட்டப்பட்ட பிறகு, கரையோரமாக நகரும் மணல் தடைப்பட்டு, வடக்கே தோக் ஜெம்பாலில் அரிப்பு கடுமையானது. 2004 சுனாமியும் பருவநிலை மாற்றத்தால் வந்தது என்று ஆண்டுதோறும் யாராவது ஒருவர் தேர்வுத்தாளில் எழுதிவிடுகிறார். அது நிலநடுக்கத்தால் வந்தது! காரணம் தவறினால் மருந்தும் தவறும். பாட்டி ஊரில் கடல் உயர்வதை மட்டும் பேசிக்கொண்டிருந்தால், அந்தக் கட்டையை யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

கட்டையை அதே வாரம் ஊர் இளைஞர்கள் வற்று நேரத்தில் எடுத்துவிட்டார்கள். தடத்தை மண் மூட்டைகளால் உயர்த்தினார்கள். அது ஒட்டுவேலைதான். அணையை முறையாக உயர்த்தப் பொறுப்பான அலுவலகத்துக்குப் பல ஆண்டுகளாக மனு போய்க்கொண்டிருந்தது. "அடிக்கடி தண்ணீர் வருகிறது" என்பது மட்டுமே அதில் இருந்தது. இம்முறை வட்டமிட்ட தேதிகளின் அட்டவணை, அணையின் பத்து உயரங்கள், வீட்டுவாசல்களின் உயரம், எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் இருக்கிறார் என்ற வரைபடம் எல்லாம் சேர்ந்து போயின. இரண்டு மாதத்தில் ஓர் அதிகாரி அளக்கும் கருவியோடு வந்தார். அவருடைய அளவுக்கும் எங்கள் குழாய் அளவுக்கும் 2 செ.மீ. வித்தியாசம். மாணவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. அணை வேலை இன்னும் தொடங்கவில்லை.

உங்களுக்குத் தெரிந்த கடலோர ஊரில் இதைச் செய்ய நினைத்தால், பெருக்கு அட்டவணையை முதலில் வாங்குங்கள். மலேசியாவில் கடற்படையின் தேசிய நீர்வரைவியல் மையமும், சிங்கப்பூரில் கடல்துறை, துறைமுக ஆணையமும் வெளியிடுகின்றன. இணைய வரைபடத்தில் பழைய படங்களை ஒப்பிடும்போது நீர் ஓரத்தை நம்பாதீர்கள், அது பெருக்கு நேரத்தைப் பொறுத்து மாறும். செடிகள் முடியும் கோட்டைப் பாருங்கள். பெருக்கு நேரத்தில் தனியாக அணைமேல் ஏறக்கூடாது. முதலை பயமும் உண்டு, விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அமாவாசையன்று மட்டும் அளந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். கடல் உடனே எதிர்வினை காட்டுவதில்லை, உச்சப் பெருக்கு பெரும்பாலும் ஓரிரு நாள் பிந்தித்தான் வரும். காலண்டரை மறுபடி எடுத்துப் பார்த்தபோது பாட்டியின் வட்டங்களில் பலவும் அமாவாசைக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளுமாகத்தான் இருந்தன. நாங்கள் அதைக் கண்டுபிடித்ததாக நினைத்து அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னோம்.

"ஆமா, படையல் போட்ட மறுநாள்தானே பாயைத் தூக்கிக் கட்டில் மேல வைப்பேன்" என்றார்.